ஹோஸுக்குத் தேங்காய் எண்ணெய்

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி நல்ல பிள்ளைதான். "உங்க கெரியர் ஜர்னி பத்தி இன்ஸ்பைரிங்கா ஏதாவது குடுங்க ஆன்ட்டி" என்றார். நான் கார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது அவருக்குத் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று ஒரு சந்தேகம் கேட்டார். "அப்பாவோட பழைய ஸ்போர்ட்ஸ் கார் கராஜ்ல நிக்குது ஆன்ட்டி. வின்டர் முழுக்க எடுக்கல. நாளைக்குச் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு இருக்கேன். ஓகேதானே?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. 'சும்மா ஸ்டார்ட் பண்ணி' என்று யாராவது சொன்னாலே எனக்கு ஆகாது. "தம்பி, அந்தச் சாவியக் கொண்டுபோயி உங்கம்மாகிட்டக் குடுத்துட்டு வந்து உக்காருங்க, சொல்றேன்" என்றேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்ஸ்பைரிங்காக இருக்குமா என்று எனக்குத் தெரியாது. வண்டி தீப்பிடிக்காமல் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் பாலிடெக்னிக், ஆட்டோமொபைல் டிப்ளமோ. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தபோது கணவருக்குச் சாஃப்ட்வேர் வேலை, எனக்கு வேலைக்குப் போகக் கூடாத விசா. கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் மிக்ஸியையும் வாஷிங் மெஷினையும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அது வந்த வாரமே ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பட்டறை வாசலில் போய் நின்றேன். "ஊர்ல எல்லாரும் கோடிங் கத்துக்கறாங்க, நீ ஏங் கோமதி கிரீஸ்ல போயிக் கைய வெக்கற?" என்றார் என் கணவர். "கம்ப்யூட்டரு உறுமாதுங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பட்டறை முதலாளி விக்டர், போர்ச்சுகலிலிருந்து வந்தவர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் அவருக்கு உயிர். அதிகம் பேச மாட்டார், கத்தவே மாட்டார். கோபம் வந்தால் நேராகப் போய் ரேடியோவை அணைப்பார். பட்டறையில் திடீரென்று பாட்டு நின்றால் எல்லோரும் அவரவர் கையைப் பார்ப்போம், யார் என்ன சொதப்பினோம் என்று.

குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி வந்தால் அவர் செய்யும் முதல் காரியம், சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வதுதான். பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ் அத்தனையையும் தொட்டுப் பார்த்து முடிக்கும் வரை சாவி வெளியே வராது. வண்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாலும் சரி. இரண்டாவது, மூக்கு. சேர்ந்த புதிதில் நான் சந்தன பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ரேடியோ நின்றது. என்னைப் பார்த்துத் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கு விட்டேன் பவுடரை. பானெட்டைத் திறந்தவுடன் வருகிற முதல் காற்றிலேயே பெட்ரோல் வாசனை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் மூக்கு பழகிப் போய்விடும், அப்புறம் அதை நம்ப முடியாது.

மூன்றாவது, கை. கையுறை கிடையாது, க்ரீம் கிடையாது. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்ரோல் டேங்கில் ஆரம்பித்து எஞ்சின் வரைக்கும் ஹோஸை விரலால் நீவிக்கொண்டே வர வேண்டும். நல்ல ரப்பர் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும். கெட்டுப்போனது ஒன்று முறுக்கு மாதிரி மொறுமொறுக்கும், இல்லையென்றால் அமுக்கிய பள்ளம் அப்படியே நிற்கும். இறுக்கும் க்ளாம்ப் வளையம் கடிக்கிற இடத்தையும் வளைவுகளையும் கொஞ்சம் மடக்கிப் பார்க்க வேண்டும், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். இங்கே பெட்ரோலில் சோளத்திலிருந்து எடுத்த சாராயம் கலக்கிறார்கள். பழைய கால ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஓடாமல் நிற்கும்போது ரப்பர் இன்னும் காய்ந்து போகும். ஏப்ரலில் சாவியைத் திருப்பியவுடன் பம்ப் முழு வேகத்தில் பெட்ரோலைத் தள்ளும். வெடிப்பு வழியாக அது பீய்ச்சியடிக்கிற இடம் பெரும்பாலும் சூடேறும் எஞ்சினாக இருக்கும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனையோ வண்டிகள் பார்த்தேன். ஆனால் என்னால் மறக்க முடியாதது ஜெயா ஆன்ட்டியின் சிவப்பு வண்டி.

ஆன்ட்டி சென்னைக்காரர். வெஸ்ட் வின்ட்சரில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வண்டியோ எண்பதுகளின் மாடல், இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார், கை கியர், மடக்குகிற துணிக் கூரை. சேலை கட்டிக்கொண்டு அதிலிருந்து அவர் இறங்கி வந்த முதல் நாள் எங்கள் பட்டறையே எழுந்து நின்று பார்த்தது. அவர் கணவர் ராகவன் அங்கிளுக்கு நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. கார் ஓட்டுவது என்றாலே அவருக்கு நடுக்கம். பனிக்காலம் போக, தினமும் சாயங்காலம் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் அவர் வந்து இறங்க, ஆன்ட்டி இந்த வண்டியில் போய் அழைத்து வருவார்.

"டெய்லி லேட்டாதான் போவேன் கோமதி" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். "ஸ்டாஃப் மீட்டிங், பேப்பர் கரெக்‌ஷன், ஏதாவது ஒண்ணு. மனுஷன் குளிர்ல நின்னு மூக்கெல்லாம் செவந்து போயிருக்கும். லேட் ஆயிடுச்சாப்பான்னு கேட்டா, 'இல்ல இல்ல, ட்ரெயின்தான் லேட்டு, இப்பதான் வந்தேன்'னு சொல்லுவார். இத்தன வருஷத்துல ஒரு நாள் கூட நான் லேட்டுன்னு அவர் ஒத்துக்கிட்டதில்ல."

வருஷா வருஷம் குளிர் தொடங்கும் முன் வண்டியை எங்களிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் நிறுத்துவார். ஒரு இலையுதிர் காலத்தில் வரவில்லை. விக்டர் அதற்கு முன்பே பட்டறையைக் கைமாற்றிவிட்டு ஃப்ளோரிடாவுக்குப் போயிருந்தார். நானும் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தேன். விசாரித்தால், ஆன்ட்டிக்குப் பார்க்கின்சன் என்றார்கள். வலது கை சும்மா மடியில் இருக்கும்போது தானாக ஆடியது. வாசனை தெரிவதும் அடியோடு போய்விட்டது. ரசம் தாளித்தால்கூடத் தெரியவில்லையாம்.

அடுத்த ஏப்ரலில் அங்கிள் போன் செய்தார். அந்த வருஷம் சித்திரை ஒன்று ஞாயிற்றுக்கிழமை.

"கோமதி, ஹேப்பி நியூ இயர்மா. வண்டிய வித்தாச்சு. நாளைக்குப் பென்சில்வேனியாலேருந்து ட்ரெய்லரோட வந்து எடுத்துட்டுப் போறாங்க. ஜெயா இன்னைக்கு ஒரே ஒரு தடவ ஓட்டணும்கறா. பூஜை போட்டு எடுக்கப் போறோம். நீ வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போயிடேன்."

"சாவியத் திருப்பிடாதீங்க அங்கிள், வந்துட்டேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வெளியே நல்ல குளிர். கராஜ் கதவைத் தூக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே கோயில் கர்ப்பகிரகம் மாதிரி புகை. ஒரு கொத்து ஊதுபத்தி, சாம்பிராணி வேறு. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முன்பக்கத்தில் தட்டோடு கற்பூரம். அங்கிள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "வாம்மா, உனக்காகத்தான் வெயிட்டிங்" என்றார்.

"அய்யோ அங்கிள்! அதக் கீழ வைங்க மொதல்ல!"

நான் கத்திய கத்தில் அவர் மகள் அனு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஊதுபத்தியை வாளித் தண்ணீரில் முக்கினேன். தட்டையும் தீப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு தெருவோரம் வரைக்கும் போய் வைத்துவிட்டு வந்தேன். புகை போகட்டும் என்று நின்றோம். என் மூக்கு அன்றைக்கு அவுட். எங்கே மோந்தாலும் மல்லிகை ஊதுபத்திதான்.

சரி, கை இருக்கிறதே என்று பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். ஆன்ட்டி பக்கத்தில் வந்து நின்றார். இளைத்திருந்தார், பட்டுப்புடவை தோளில் நிற்கவில்லை. அங்கிளிடமிருந்து சாவியை வாங்கி ஆன்ட்டியின் இடது கையில் கொடுத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி" என்றேன். "டாக்டர் ஒண்ணும் ஓட்டாதன்னு சொல்லல கோமதி" என்றார். "அவர் சொல்றதுக்கு முன்னாடி நானே விட்டுடணும்னு தோணிச்சு. யாரும் என் கையிலேருந்து புடுங்கினதா இருக்கக் கூடாது பாரு."

ஹோஸைத் தொட்டேன். வழவழவென்று இருந்தது. கறுப்பாகப் பளபளத்தது, மேலே ஒரு சொரசொரப்பு இல்லை. பரவாயில்லையே என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. அங்கிள் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "நல்லா இருக்கா? நான்தான் பாத்துக்கிட்டேன்" என்றார். என்னத்தைப் பார்த்துக்கொண்டார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

எஞ்சினுக்குப் பின்பக்கம் இருட்டு. "டார்ச்ச நான் புடிக்கறேன்" என்று ஆன்ட்டி வலது கையில் வாங்கிக்கொண்டார். வெளிச்சம் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. அனு வாங்கப் போனாள், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். பக்கவாட்டில் அந்த வெளிச்சம் போய்ப் போய் வந்ததில், ஆன்ட்டிதான் முதலில் பார்த்தார்.

"கோமதி, இங்க பாரு. ஹோஸ் மேல விபூதி இட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா கோடு."

குனிந்து பார்த்தேன். வளைவில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பூஞ்சையோ என்று விரலை வைத்தேன். விரல் சூட்டில் கோடு உருகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். அத்தனை ஊதுபத்தியையும் தாண்டிக்கொண்டு வந்தது அந்த வாசனை. தேங்காய் எண்ணெய்!

"அங்கிள்?" என்றேன்.

அங்கிள் தொண்டையைச் செருமினார். "இல்லம்மா, வின்டர்ல ரப்பர் காஞ்சு போயிடும்னு நீதான் எப்பவும் சொல்வியே. அவளுக்கு டெய்லி நைட்டு கைக்கு எண்ணெய் தேச்சு விடறேன், கை வெறச்சுக்கக் கூடாதுன்னு. வண்டிய நிறுத்தின அன்னைக்குக் கிண்ணத்துல மிச்சம் இருந்துச்சு. இதுக்கும் கொஞ்சம் போடலாமேன்னு... நல்லா ஊறட்டும்னு ரெண்டு மூணு தடவ தேச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு விக்டராக இருந்தால் ரேடியோவை அணைத்திருப்பேன். அந்த மனிதர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இறங்கிவிட்டது. ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எண்ணெய் தேச்சு விட்டீங்களே, சீயக்காய் போட்டீங்களா?" என்றார். அப்புறம் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், எண்ணெய் தடவியதால் கைக்கு எல்லாம் வழுவழுப்பாகத் தெரிந்தது. வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளையாக நின்றது. வெயில் காலமாக இருந்திருந்தால் அந்தக் கோடும் தெரிந்திருக்காது. ஹோஸைத் துடைத்துவிட்டு மெல்ல மடக்கினேன். கோடு இருந்த இடமெல்லாம் வாயைப் பிளந்தது. அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து அமுக்கினேன், ஈரமாகிவிட்டது. இந்தத் தடவை தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை, பெட்ரோல். அங்கிள் அந்தப் பேப்பரையும் தெருவோரத்தில் இருந்த கற்பூரத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு அவரே மெதுவாக, "ஸ்டேஷன் வரைக்கும்தாம்மா. பக்கம்தானே. மெதுவாப் போயிட்டு வந்துட்டா?" என்றார்.

"ஒரு அடி கூட நகராது அங்கிள். மன்னிச்சுக்கோங்க."

"நாளைக்கு வண்டி போயிடும் கோமதி" என்றார் அங்கிள்.

"சும்மா இருங்க, அவ சொன்னாச் சரியா இருக்கும்" என்று ஆன்ட்டி சொன்னார். சாவியைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. அந்த முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. டீச்சர் ஆயிற்றே, கேட்க மாட்டார். இன்றைக்கு இந்தப் பொம்பளை வண்டி ஓட்டாமல் நான் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

பட்டறைக்கு விடுமுறை, ஆனால் அதன் சாவி என்னிடம் இருந்தது. அனுவைக் கூட்டிக்கொண்டு போனேன். நேர் ஹோஸ் சுருளாக இருந்தது. க்ளாம்ப் இருந்தது. பின்பக்கத்து வளைவுக்கு மட்டும் அச்சில் வார்த்த துண்டு வேண்டும், நேர் ஹோஸை மடக்கினால் நசுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? விக்டருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாவி யாரிடம் இருக்கிறது?"

"ஜெயாவிடம்."

"நல்லது. கம்ப்ரஸருக்கு மேலே, பிஸ்கட் டப்பா." வைத்துவிட்டார். புது முதலாளி வந்த பிறகும் அந்த டப்பாவை யாரும் எடுக்கவில்லை. உள்ளே புதுத் துண்டு, உறை பிரிக்காமல், வெயிலும் குளிரும் படாமல் இருந்தது. ரப்பரில் அச்சடித்த வருஷத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை மடக்கி, முனைக்குள் வெளிச்சம் அடித்து, அப்புறம்தான் நம்பினேன்.

ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். ரப்பரைக் கடிக்காத, விளிம்பு மடித்த க்ளாம்ப் மட்டும்தான் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கிள் தட்டில் வடை பாயசத்தோடு வந்து நின்றார். "ஊட்டி விடட்டுமா?" என்று ஆன்ட்டி கேலி செய்தார், என் கை அந்த லட்சணத்தில் இருந்தது. கடைசி க்ளாம்பை முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தேன். பேட்டரி ஒயரை மாட்டினேன். "ஆன்ட்டி, இப்ப சாவிய ஒரு கட்டம் மட்டும் திருப்புங்க. ஸ்டார்ட் வேண்டாம்."

பம்ப் உய்யென்றது. வெள்ளைப் பேப்பரை ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் ஓட்டினேன். காய்ந்த பேப்பர். இன்னொரு தடவை. காய்ந்தே இருந்தது. "போடுங்க" என்றேன். எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டு உறுமியது. சூடேறும் வரை விட்டு, மறுபடியும் பேப்பர். அப்புறம்தான் பானெட்டைச் சாத்தினேன். அதற்குள் என் மூக்கும் திரும்பி வந்திருந்தது.

"கற்பூரம்?" என்று அங்கிள் தயங்கிக் கேட்டார்.

"மெயில்பாக்ஸ் பக்கத்துல நின்னு காட்டுங்க. சாமிக்குக் கண்ணு தெரியும்."

காட்டினார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், அனுவின் காரும் இல்லை. ஆன்ட்டி ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார். "ஏறு கோமதி. அவர் ட்ரெயின் வந்துடும்" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்த தீயணைப்பு சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. மடியில் ஆடிக்கொண்டிருந்த வலது கை கியரைப் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. இந்த வியாதியில் அப்படித்தானாம், வேலை செய்யும்போது நடுக்கம் குறையுமாம். அதை நான் அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஒரு சத்தம் இல்லாமல் விழுந்தது. நான் இந்த வேலையில் எத்தனையோ பேர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஆன்ட்டி மாதிரி க்ளட்சை மிதிப்பவர் யாருமில்லை. "எப்படி ஓடறது?" என்றார். "தங்கமா ஓடுதுங்க" என்றேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் சிலிண்டரில் இருந்தது.

ஸ்டேஷன் வாசலில், ஆட்களை ஏற்றிக்கொள்ள நிறுத்தும் இடத்தில், அங்கிள் நின்றுகொண்டிருந்தார். தோளில் பழைய ஆபீஸ் பை. அந்தக் குளிருக்குக் கோட்டு, மஃப்ளர். மூக்கு சிவந்திருந்தது. ஆன்ட்டி வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"ரொம்ப லேட் ஆயிடுச்சாப்பா?"

"இல்ல இல்ல" என்றார் அங்கிள். "ட்ரெயின்தான் லேட்டு. இப்பதான் வந்தேன்."

இரண்டு பேர் உட்காரும் வண்டி. நான் இறங்கினேன். அங்கிள் பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சிலிண்டரை அவர் மடியில் வைத்தேன், ஒன்றும் கேட்காமல் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். வண்டி கிளம்பியது.

அனு தன் காரிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். அவர்கள் வீட்டுக்குப் போக இடதுபக்கம் திரும்ப வேண்டும். ரோட்டு முனையில் சிவப்பு வண்டி வலதுபக்கம் விளக்குப் போட்டது.

"ஆன்ட்டி, தே ஆர் கோயிங் த ராங் வே!" என்றாள்.

"போகட்டும் விடு கண்ணு" என்றேன். "ஹோஸெல்லாம் புதுசு."